ஓரகத்தி தூங்கிய விகாரை

மயிலாடுதுறை லாட்ஜில் அன்று காலை நான் கண் விழித்தபோது அக்கா அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பம் எங்கே கிடைத்ததென்று தெரியவில்லை. கீழே போய்க் கேட்டு வாங்கி வந்திருக்க வேண்டும். குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன பிஸ்கட் உறையையும் தலைமுடிச் சுருளையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க" என்றேன்.

"இருக்காங்க. கூட்டலியே" என்றாள்.

நாகப்பட்டினத்திலும் இப்படித்தான். வேதாரண்யத்தில் லாட்ஜ் தம்ளர்களைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அறையைக் காலி செய்யும்போது விரிப்புகளை உதறி மடித்து, தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். எங்களைப் பார்த்தால் ஊர் சுற்றக் கிளம்பியவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகில் மாட்டியிருந்த பைகள்தான் ஒரே அடையாளம். இரண்டும் எங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குக் கொண்டுபோன பைகள். அக்காவின் பையில் ஒரு கிரிக்கெட் அணியின் சிங்கம் உறுமிக்கொண்டிருந்தது.

அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை. அவள் மூத்த மருமகள், நான் இளையவள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் இருபது வருஷத்துக்கும் மேலாக இருக்கிறோம். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்தே சாகுபடி. கொஞ்சம் சொந்த நிலம், மீதி குத்தகை.

எங்கள் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுதும் விழுந்துபோனபோது என் மகன் ஆறாம் வகுப்பில் இருந்தான். அவன் கல்லூரி முடித்து, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகுதான் அத்தை போனார். அவ்வளவு காலமும் ஒரு ராத்திரி அக்கா, ஒரு ராத்திரி நான். படுத்தே கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அத்தைக்குக் கடைசி வரை ஒரு புண் வரவில்லை. பார்க்க வந்த டாக்டர் அதைப் பெருமையாகச் சொன்னார். ஊரிலும் சொன்னார்கள்.

அதற்காக நாங்கள் உடன்பிறந்தவர்கள் போல இருந்தோம் என்று நினைக்க வேண்டாம். நடுவில் ஒரு வருஷம் பேச்சு வார்த்தையே இல்லை. மாடி அறை யாருக்கு என்று ஆரம்பித்து எங்கெங்கோ போன சண்டை அது. ஆனால் அந்த வருஷத்திலும் முறை தவறவில்லை. அவள் எழுந்து போகும்போது, "இப்பதான் திருப்பிப் படுக்க வச்சேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். நானும் சுவரைப் பார்த்து "ம்" என்பேன்.

அத்தை போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்தது, தையில் சம்பா அறுவடையும் முடிந்தது. இனி படுத்துத் தூங்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். தூக்கம் வரவில்லை. உடம்பு பழகிய நேரத்துக்கு விழித்துக்கொண்டது. அக்காவும் விழித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அடுப்படியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுப்போம். பகலில் கை, கால் எல்லாம் இரவல் வாங்கியவை போலக் கிடக்கும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள்.

மகன்தான் வீடியோ காலில் சொன்னான். "பெரியம்மாவையும் கூட்டிக்கிட்டு எங்கயாவது போய்ட்டு வாங்களேன்மா. ஒரு வாரம். அப்பாவும் பெரியப்பாவும் என்ன, கடையில வாங்கிச் சாப்பிட மாட்டாங்களா?"

என் வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரு வீட்டுக்கு?"

"யாரு வீட்டுக்கும் இல்லைங்க."

"கோயிலுக்கா? வேண்டுதலா?"

"வேண்டுதலும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

மாசிக் கடைசியில் கிளம்பிவிட்டோம்.

வெகுதூரம் போக அக்காவுக்குத் தைரியம் இல்லை. ஏதாவது ஒன்று என்றால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிற தூரத்தில்தான் சுற்ற வேண்டும் என்றாள். அதனால் எங்கள் பக்கத்து ஊர்களையே சுற்றினோம். வேதாரண்யத்தில் டீக்கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். பாபநாசம் என்றோம். "பாபநாசத்துலேர்ந்து வேதாரண்யத்துக்கா டூரு?" என்று அவர் சிரித்த சிரிப்பில் கடையில் இருந்த எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அந்த உப்பளங்களை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்பது உண்மை. பார்த்தும் என்ன? வெள்ளை வெயில் கண்ணைக் குத்தியது. குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி எரிந்தது. நாகப்பட்டினத்துக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோதும் என் மனதில் ஓடியதெல்லாம் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க வேண்டுமே என்பதுதான். வீட்டில் இருந்த அசதியையும் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்று தோன்றியது. அக்காவிடம் சொல்லவில்லை. அவள் முகத்திலும் அதே நினைப்புத்தான் இருந்தது.

அன்றைக்குப் பல்லவனீச்சுரம் போகலாம் என்று சொன்னது நான்தான். கல்யாணத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் ஒரு வருஷம் பி.ஏ. வரலாறு படித்தேன். பூம்புகாருக்குப் பக்கத்தில் அந்த ஊரில் மண்ணுக்கடியிலிருந்து ஒரு புத்த விகாரையைத் தோண்டி எடுத்தார்கள் என்று பாடத்தில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரிதான் எனக்கு நினைவிருந்தது.

"நீ எங்க சொல்றியோ அங்க" என்று அக்கா பையை மாட்டிக்கொண்டாள்.

பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறினோம். அது ஒவ்வொரு ஊரிலும் நின்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெண்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போனது. செம்பனார்கோயில் தாண்டியதும் இருபுறமும் அறுத்த வயல்களில் தாளுக்கிடையே உளுந்து முளைத்துப் படர்ந்திருந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குத் தலை தொங்கித் தொங்கி விழுந்தது. அவள் பஸ்ஸில் தூங்கி நான் பார்த்ததில்லை.

கண்டக்டரிடம் பல்லவனீச்சுரத்தில் இறக்கிவிடச் சொன்னேன்.

"கோயிலாம்மா, இடிஞ்சதா?"

"இடிஞ்சது."

"அதுல என்னம்மா இருக்கு?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. ஏதாவது இருந்தால் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் கேட்டார்.

இறங்கிச் சிறிது தூரம் நடந்தோம். முன்பகல் வெயிலுக்கே தார் ரோடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. கம்பி வேலி, ஒரு கேட், ஓர் அறிவிப்புப் பலகை, உள்ளே இரண்டு மூன்று மரங்கள். ஒரு வேம்பின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் காவல்காரர் உட்கார்ந்து மொபைலில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை, கைலி. எங்களைப் பார்த்ததும் கையால் உள்ளே போகச் சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

விகாரை என்றதும் நான் என்ன எதிர்பார்த்தேனோ தெரியாது. முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர்கள் இருந்தன, அவ்வளவுதான். இப்போது கிடைக்கும் கல்லைவிட அகலமான, தட்டையான கற்கள். அந்தச் சுவர்கள் வரிசையாகச் சில சிறிய சதுரங்களை அடைத்திருந்தன. ஒவ்வொரு சதுரமும் ஓர் அறை. ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், இன்னோர் ஆள் பக்கத்தில் உட்காரலாம். முன்னால் நீளமாக ஒரு நடை. உள்ளே புல் முளைத்துக் காய்ந்திருந்தது.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள் அக்கா.

"இங்க புத்தத் துறவிங்க தங்கியிருந்தாங்கக்கா. ஆயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி இருக்கும்."

"ஆளுக்கு ஒரு ரூமா?"

"அப்பிடித்தான் போல."

"சமையல்?"

"பிச்சை வாங்கிச் சாப்பிட்டிருப்பாங்க."

அக்கா அந்தச் சதுரங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "அப்ப அவங்களுக்கென்ன. நல்லாத் தூங்கியிருப்பாங்க" என்றாள்.

எனக்குக் கால் வலித்தது என்றாலும் வந்ததற்காகவாவது முழுதும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். "நீங்க உக்காருங்க, நான் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பலகையை வாசித்தேன். பாதி எழுத்து வெயிலில் வெளுத்திருந்தது. சுவர்களை ஓரமாகச் சுற்றி வந்தேன். ஒரு மூலையில் குனிந்து செங்கல்லைத் தொட்டேன். சுட்டது. கால் மணி நேரத்தில் பார்த்து முடித்தாயிற்று.

திரும்பி வந்தபோது அக்கா சுவரை ஒட்டி இன்னொரு வேம்பின் நிழலில் படுத்திருந்தாள். சிங்கம் போட்ட பை தலைக்கடியில். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே கொடுத்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் வைத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. நான் எழுந்து வரும்போது அவள் குளித்து முடித்திருப்பாள். நான் படுக்கப் போகும்போது அவள் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருப்பாள். அத்தையின் அறையில் என் முறைக்கு நான் போய் நிற்கும்போதெல்லாம் அவள் உட்கார்ந்திருப்பாள். இப்போது கண்ணுக்குக் கீழே கறுத்து, தாடை தளர்ந்து கிடந்த அந்த முகம் எனக்குத் தெரியாத ஒரு வயதான பெண்ணுடையதாக இருந்தது.

கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தக் கொஞ்ச நேரம் போனது. காவல்காரர் வந்தார்.

"அம்மா, இங்க படுக்கக் கூடாது."

"ரொம்ப அசதிங்க. செத்த நேரம் கழிச்சு எழுப்பிடுறேன்."

"மேலதிகாரி யாராவது வந்தா என்னையத்தாம்மா கேப்பாங்க. பாதுகாக்கப்பட்ட எடம்."

"அவங்க சுவர் மேல படுக்கலியே. மண்ணுலதானே படுத்திருக்காங்க?"

அவர் குனிந்து பார்த்தார். "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. தூக்கம்தான்."

"தூக்கமா?" என்று அவர் சந்தேகமாக என்னைப் பார்த்தார். தூங்குவதற்கு யாராவது பஸ் ஏறி இவ்வளவு தூரம் வருவார்களா என்று அவருக்குத் தோன்றியிருக்கும். "சரி, சாப்பிட்டுட்டு வரேன். அதுக்குள்ள எழுப்பிடுங்க" என்று போனார். சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் எழுப்பவில்லை. நாற்காலியைத் தூக்கி எங்களுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கும் கண் சொருகியது. நானும் பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்கப்போவதில்லை. ஆனால் இரண்டு பேரில் ஒருத்தி விழித்திருக்க வேண்டும் என்பது எங்கள் உடம்பில் ஊறிப்போன ஒன்று. அவள் முந்திக்கொண்டாள், நான் மாட்டிக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. தண்ணீர் பாட்டிலில் பாதிதான் இருந்தது. அவளுக்கு வேண்டும் என்று வைத்துவிட்டேன்.

அவளுடைய மொபைல் பைக்குள்ளிருந்து அதிர்ந்தது. தலைக்கடியில் அதிர்ந்தும் அவள் அசையவில்லை. பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து மெதுவாக எடுத்தேன். என் மூத்தார், அக்காவின் வீட்டுக்காரர்.

"மாமா, நான்தான் பேசுறேன்."

"அவ எங்க?"

"அக்கா தூங்குறாங்க."

"தூங்குறாளா? இந்த நேரத்துலயா? ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மாமா. தூங்குறாங்க, அவ்வளவுதான்."

"லாட்ஜுலயா இருக்கீங்க?"

"இல்ல. பூம்புகார் பக்கத்துல ஒரு இடிஞ்ச விகாரையில."

"நெல்லுப் பத்தாயத்துச் சாவி எங்க வச்சான்னு கேக்கணும். எழுப்பு" என்றார்.

"எழுப்ப மாட்டேன் மாமா. எழுந்ததும் பேசச் சொல்றேன்."

நான் அவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. "சரி" என்று வைத்துவிட்டார்.

உச்சி வெயில் சாய ஆரம்பித்தபோது நிழல் நகர்ந்துவிட்டது. முதலில் அவள் பாதத்தில் வெயில் விழுந்தது. என் துண்டை எடுத்துப் போர்த்தினேன். பிறகு முழங்கால். நான் எழுந்து, வெயிலை மறைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஒரு கார் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. ஓர் ஆளும் அவர் மனைவியும் இறங்கினார்கள். அவள் கறுப்பு பர்தா போட்டிருந்தாள், கையில் குடை. முப்பது வயதிருக்கும். கணவர் மொபைலில் சுவர்களைப் படமெடுத்துக்கொண்டு போக, அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"என்னக்கா ஆச்சு? மயக்கமா?"

"தூக்கம்மா."

அவள் நம்பவில்லை. குனிந்து, மூச்சு வருவதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஆமா, தூங்குறாங்க" என்றாள். உடனே குடையை என்னிடம் நீட்டினாள். "இத பிடிங்க. நீங்க நின்னா எவ்வளவு நிழல் வந்துடும்?"

குடையைப் பிடித்துக்கொண்டு நான் மறுபடியும் உட்கார்ந்தேன். அவளும் என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். நாகப்பட்டினம் என்றாள். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார், லீவில் வந்திருக்கிறார்.

"வந்த நாள்லேர்ந்து தினம் ஒரு வீட்டுல விருந்து. இவங்க மாமி வீடு, எங்க சாச்சி வீடு, அவங்க வீடு, இவங்க வீடு. ரெண்டு பேரும் தனியா உக்காந்து ஒரு டீ குடிக்கலக்கா. அடுத்த வாரம் ஃப்ளைட். அதான் நேத்து இவங்ககிட்ட சொன்னேன், நம்ம சொந்தக்காரங்க ஒருத்தரும் இல்லாத எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்கன்னு." கையால் அந்தச் சுவர்களைக் காட்டினாள். "இங்கதான் ஒருத்தரும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் போடாமல் சிரித்தேன்.

"இவங்க உங்க அக்காவா?"

"ஓரகத்தி."

"ஓரகத்தியா!" அவள் கண்ணை விரித்தாள். "ஓரகத்திக்குக் குடை பிடிக்கிற ஆள இப்பத்தான்க்கா பாக்குறேன்."

அவள் அப்படிச் சொன்னதும் என்னையறியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அத்தை, முறை, புரட்டிப் படுக்க வைப்பது, பேசாமலிருந்த வருஷம், எல்லாம். கடைசியில் அவள், "எங்க வீட்டுல மாமனாரு" என்று மட்டும் சொன்னாள். "இப்ப என் நாத்தனார் பாத்துக்குறா. சாயங்காலம் போயி நான் பாக்கணும்." குடையைப் பிடித்த என் கை மரத்துப்போனபோது அவள் வாங்கிப் பிடித்தாள். அவள் கணவர் படமெடுத்து முடித்துவிட்டுத் தூரத்தில் நின்று எங்களைப் பார்த்தார். கூப்பிடவில்லை. காவல்காரருடன் போய் ஏதோ பேசிக்கொண்டு நின்றார்.

அவர்கள் கிளம்பும்போது குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். குடையைத் திருப்பி நீட்டினேன். "வச்சுக்குங்கக்கா" என்றாள். எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை.

அவர்கள் போன பிறகு அந்த இடம் ரொம்ப அமைதியாகிவிட்டது. மைனா ஒன்று அறைகளுக்குள் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது. அக்கா புரண்டுகூடப் படுக்கவில்லை. திடீரென்று எனக்குப் பயம் வந்துவிட்டது. இவ்வளவு நேரமா ஒருத்தர் அசையாமல் தூங்குவார்கள்? விரலை அவள் மூக்கருகில் கொண்டுபோனேன். கடைசிக் காலத்தில் அத்தைக்கு எத்தனையோ தடவை இப்படி வைத்துப் பார்த்திருக்கிறோம். சூடான மூச்சு வந்தது. ஒரு பக்கமாகவே படுத்திருக்கிறாளே, திருப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அத்தைக்காகவா, அக்காவுக்காகவா, நான் தூங்காததற்காகவா, தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் காவல்காரர் கேட்டைப் பூட்ட வேண்டும் என்று வந்து நின்றபோதுதான் அவள் கண் விழித்தாள். ஒரே வீச்சில் எழுந்து உட்கார்ந்தாள். "கஞ்சி வச்சாச்சா?" என்றாள். பிறகு சுவரைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், காக்கிச் சட்டையைப் பார்த்தாள். புடவையை இழுத்து விட்டுக்கொண்டாள். கன்னத்தில் பையின் ஜிப் தடம் பல் பல்லாகப் பதிந்திருந்தது.

"மணி என்ன?"

சொன்னேன்.

"ஏன் எழுப்பல?"

"நல்லாத் தூங்குனீங்க."

"பொது எடத்துல ஒரு பொம்பளைய இப்பிடிப் போட்டு வச்சிட்டு வேடிக்கை பாத்துட்டு இருந்தியா? யாரு யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கலக்கா."

"கார்ல ரெண்டு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்கம்மா" என்றார் காவல்காரர், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கேட்டை நோக்கி நடந்தாள். நான் இரண்டு பாட்டிலையும் குடையையும் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாள் முழுதும் வெயிலில் உட்கார்ந்து குடை பிடித்ததற்கு இதுதானா என்று இருந்தது. தோள்பட்டை கழன்று விழுவது போல வலித்தது.

நிறுத்தத்தில் சிமெண்ட் பெஞ்சு இருந்தது. ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தோம். பஸ் வருவதாக இல்லை. எதிரே வாய்க்காலில் தண்ணீர் இல்லை, ஈரம் மட்டும் இருந்தது. இரண்டு ஆடுகள் கரையில் இறங்கிப் புல் தேடிக்கொண்டிருந்தன.

அக்கா தண்ணீரை வாங்கிக் குடித்தாள். பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஆடுகளைப் பார்த்தபடி பேசினாள்.

"அத்தை போன அன்னிக்கு எல்லாரும் அழுதாங்கள்ல?"

"ஆமா."

"எனக்கு அழுகையே வரல. எல்லாரும் என் தோள்ல விழுந்து அழறாங்க. நான் மனசுக்குள்ள, எப்ப எடுப்பாங்க, எப்பப் படுக்கலாம்னு நெனச்சுக்கிட்டு நிக்குறேன். அவ்வளவு வருஷம் பாத்துட்டு, கடைசில அந்த நெனப்பு. அது மகா பாவம்னு அப்பவே தெரிஞ்சுது. அன்னிலேர்ந்து படுத்தா அதான் முன்னாடி வந்து நிக்குது. கண்ண மூட முடியல."

நான் நகர்ந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நானும் அதத்தான்க்கா நெனச்சேன்" என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஆறுதலுக்குச் சொல்கிறேனா என்று பார்த்தாள். நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அத்தையைக் குளிப்பாட்டி எடுக்கும் வரை பத்து முறையாவது பின்கட்டில் மடக்கி வைத்திருந்த பாயைப் பார்த்தேன்.

"நீயுமா?" என்றாள்.

"ம்."

அக்கா என் கையைப் பிடித்து, அவள் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை இன்னும் மரத்துத்தான் இருந்தது. பஸ் வரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அன்றைக்குப் பூம்புகாரில் கடல் பார்ப்பதாக இருந்தது. பார்க்கவில்லை. லாட்ஜுக்குத் திரும்பிப் போகும் வழியில் அக்கா மூத்தாரிடம் பத்தாயத்துச் சாவி இருக்கும் இடத்தைச் சொன்னாள். அறைக்குள் போனதும் நான் கட்டிலில் விழுந்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. மறுநாள் வெயில் ஜன்னலில் ஏறிய பிறகுதான் விழித்தேன். அக்கா பையைக் கட்டி முடித்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள். "எனக்குப் பாத்தது போதும். காலு கெஞ்சுது. என் கட்டில்ல போயிப் படுக்கணும்."

"இன்னிக்குத் தரங்கம்பாடின்னு சொல்லியிருந்தோமே?"

"நீ போய்ட்டு வா."

"நான் மட்டுமா?"

"ஏன், நீ என்ன சின்னப் பிள்ளையா?"

பஸ் ஸ்டாண்டில் அவளைக் கும்பகோணம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகர்வதற்கு முன்பே அவள் தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கையசைக்கலாம் என்று தூக்கிய கையை நான் கீழே போட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் போனில் கத்தினார். "தனியா அங்க என்ன பண்ணுவே?"

"தெரியலைங்க" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. எனக்கும் அசதிதான். ஆனால் அக்காவின் அசதிக்கு வீடு வேண்டியிருந்தது. என்னுடையதற்கு என்ன வேண்டும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு நாள் தரங்கம்பாடியில் இருந்தேன். கோட்டைச் சுவரருகே உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். பசித்தபோது சாப்பிட்டேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. சில சமயம் அழுதேன். பெரும்பாலும் சும்மா இருந்தேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். தெருவில் வெயில் காய்ந்தது. கதவைத் தட்டினேன். வெகுநேரம் கழித்துத்தான் அக்கா வந்து திறந்தாள். முகம் வீங்கி, தலை கலைந்து, ஒரு கண்ணை மட்டும் திறந்திருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"கொழம்பு இருக்கு. நீயே போட்டுக்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் மறுபடியும் படுத்துக்கொண்டாள்.